சென்னையில் வாங்கிய 62 விழுக்காடு குறைவா? வெளிநாட்டு எம்பிஏ சேர்க்கையில் மதிப்பெண்ணை எப்படிப் பார்க்கிறார்கள்

சென்னையில் பி.காம். படித்து 62 விழுக்காடு வாங்கிய நம் பிள்ளை ஒருவர், நாடு திரும்பிச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் எம்பிஏ படிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் 'ஜிபிஏ' என்ற கட்டத்தைப் பார்த்ததும் கணக்குப் போடுகிறார். நூற்றுக்கு 62 என்றால் நான்குக்கு 2.48. "இதற்கு யார் இடம் கொடுப்பார்கள்?" என்று அதோடு விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறார்.

கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால், அந்தக் கணக்கை அவர் போட்டிருக்கவே தேவையில்லை.

ஒரே எண், வெவ்வேறு மதிப்பு

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 60 விழுக்காடு எடுத்தாலே முதல் வகுப்பு. பிரிட்டனில் முதல் வகுப்புக்குப் பொதுவாக 70 வேண்டும். 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரிகளிலோ 62 என்பது பெரும்பாலும் 'டி' நிலை. நம் நாட்டில் 4.00 சிஜிபிஏ முறை இருந்தாலும், முதல் வகுப்புக்கு 3.67 கேட்கும் பல்கலைக்கழகமும் உண்டு, 3.75 கேட்பதும் உண்டு.

பல நாட்டு விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய சேர்க்கை அதிகாரிகளுக்கு இது தெரியும். அதனால்தான் அமெரிக்காவின் முன்னணி வணிகப் பள்ளிகள் பல, மதிப்பெண்ணை நீங்களாக மாற்ற வேண்டாம், உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்தபடியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றன. சில பள்ளிகள் மட்டும் டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கையைக் கேட்கும். கேட்காத பள்ளிக்காக அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை.

எண்ணுக்கு அப்பால்

அதிகாரிகள் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. வகுப்பில் எத்தனையாவது இடம், கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம் போன்ற பாடங்களில் எப்படி, ஆண்டுக்கு ஆண்டு ஏற்றமா இறக்கமா என்று பார்க்கிறார்கள். முதலாண்டில் தடுமாறி இறுதியாண்டில் உயர்ந்தவருக்கு அந்த ஏற்றமே சாட்சி.

நாட்டுக்கு நாடு மதிப்பெண் முறை மாறுவதால், எல்லோருக்கும் பொதுவான தேர்வாக ஜிமேட் அல்லது ஜிஆர்இ உதவுகிறது. இப்போதைய ஜிமேட்டின் மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை. பட்டப்படிப்பு மதிப்பெண் சுமாராக இருந்தால், இதில் வாங்கும் நல்ல புள்ளி பெரிதும் கைகொடுக்கும். வேலை அனுபவமும் சிபாரிசுக் கடிதங்களும் சேர்ந்தே முடிவு எடுக்கப்படுகிறது.

செய்ய வேண்டியவை

* மதிப்பெண் பட்டியலோடு, அதன் தர அளவுகோல் விளக்கத்தையும் இணையுங்கள். பெரும்பாலும் அது பட்டியலின் பின்பக்கத்திலேயே இருக்கும்.

* வகுப்பில் உங்கள் இடம் நன்றாக இருந்தால், பல்கலைக்கழகப் பதிவாளரிடம் அதற்கொரு கடிதம் கேளுங்கள்.

* இந்திய பி.காம். மூன்றாண்டுப் படிப்பு. அதை ஏற்கும் பள்ளிகளும் உண்டு, நான்காண்டு கேட்கும் பள்ளிகளும் உண்டு. கட்டணம் கட்டுமுன் விசாரியுங்கள்.

* இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தீர்களா? வீட்டில் நோயாளியைக் கவனித்தீர்களா? கூடுதல் விளக்கத்துக்கான பகுதியில் நான்கைந்து வரிகளில் சொல்லுங்கள். புலம்பல் வேண்டாம், நடந்ததும் அதற்குப் பின் முன்னேறியதும் போதும்.

* எண்ணைக் கூட்டி எழுதாதீர்கள். இடம் கிடைத்த பிறகு சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். பொய் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

தோட்டத்திலிருந்து பட்டப்படிப்புவரை வந்த பிள்ளைகள் பலருக்கு, அடுத்த படியைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. அவர்கள் நிராகரிக்கப்படுவதைவிட, தாங்களே தங்களை நிராகரித்துக்கொள்வதுதான் பெரிய இழப்பு. 62 போதுமா போதாதா என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும். விண்ணப்பிப்பது நம் வேலை.