ஆளே அடிப்பாரம்

வேஃபேரர் என்ற திறந்த பாய்மரப் படகின் நீளம் 4.83 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், வெற்று எடை 169 கிலோ. நம் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவை இதைவிடப் பெரியவை. 1957-இல் இங்கிலாந்தின் இயன் ப்ராக்டர் வடிவமைத்த இந்தப் படகில் முழு மேல்தளமும் இல்லை, அறையும் இல்லை. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். ஆனாலும் இதில் தண்ணீர், அடுப்பு, கூடாரம், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒற்றை ஆளாக நாலைந்து நாள் கரையோரமாகப் பாய் விரித்துப் போய்வருகிறவர்கள் உலகின் பல கரைகளில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலக் கரை அப்படிப்பட்ட ஓரிடம். 1988 முதல் அங்கே தீவுகளைக் கோத்து 'மெய்ன் ஐலண்ட் டிரெயில்' என்ற நீர்வழி இருக்கிறது. ஏறத்தாழ 375 மைல் நீளம், 200-க்கும் மேற்பட்ட தீவுகளும் கரையோர இடங்களும். பகலில் பாய் ஓட்டி, இரவில் ஏதாவதொரு தீவில் ஒதுங்கலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் படகில் ஒரே ஆள் என்றதும் இயற்பியல் கணக்கே மாறிவிடுகிறது.

பெரிய பாய்க்கப்பலின் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும். காற்று சாய்த்தாலும் அந்தக் கனம் கப்பலை நிமிர்த்திவிடும். வேஃபேரரில் அது கிடையாது. நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகை, படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்குமே தவிர நிமிர்த்தாது. படகின் அகலம் ஓரளவு தாங்கும். மற்றபடி காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்க்கும் மனிதர்தான் அடிப்பாரம். 70 கிலோ ஆள், படகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிச் சாய்ந்தால், பாயின் மேல் காற்று கொடுக்கும் நெம்புகோல் விசைக்கு எதிரே அந்த 70 கிலோவும் நிற்கிறது.

பாக் நீரிணைக் கரையில் நம் முன்னோர் இதை வேறொரு விதத்தில் செய்தார்கள். படகின் குறுக்கே, விளிம்பைத் தாண்டி வெளியே நீளும்படி ஒரு பலகை போட்டு, காற்று ஏற ஏற ஆட்கள் அதில் வெளியே நகர்ந்துபோய் எடை கொடுத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். படகுக்கும் உடம்புக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பலகையில் பலர் ஏறினார்கள். நம் பயணியோ தனியாள்.

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 10 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) காற்று 20 நாட் ஆனால் விசை நான்கு மடங்கு. ஆள் எடையை மட்டும் கணக்கில் எடுத்தால், இரண்டு பேர் 14 நாட் காற்றில் தாங்கும் பாயை ஒருவர் 10 நாட் வரைதான் தாங்க முடியும். அதனால் தனியாகப் போகிறவர் பாயைச் சுருக்கிக் கட்டும் நேரமும் முன்னால் வந்துவிடுகிறது. சுருக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும், சுக்கானுக்கு ஒரு கை வேண்டும். காற்று ஏறிய பிறகு அந்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? காலையில் கரையை விட்டுக் கிளம்பும்போதே சுருக்கிக் கட்டிவிடுவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது.

சாமான் ஏற்றுவதும் இதே கணக்குதான். ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால் ஐந்து நாளுக்கு 20 லிட்டர் தண்ணீர், அதாவது 20 கிலோ. அதைப் படகின் நடுவில், அடிமட்டத்தில் கட்டிவைத்தால் அதுவும் ஓரளவு துணை செய்யும். குடித்துக் காலியான கேனில் கடல்நீரை நிரப்பி அதே இடத்தில் வைக்கலாம். கல்லையோ இரும்பையோ வைத்தால் என்ன என்று தோன்றும். படகுக்குள் நீர் நிறைந்துவிட்டால் கல் அதைக் கீழே இழுக்கும். தண்ணீர்க் கேனுக்கோ, தண்ணீருக்குள் எடையே இல்லாத மாதிரிதான்.

மெய்ன் கரையில் காற்றைவிடவும் என்னை வியக்க வைப்பது ஓதம். சென்னையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக்கூட கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மெய்னில் போர்ட்லண்ட் துறைமுகத்தில் சராசரியாக 2.8 மீட்டர், கனடா எல்லையை ஒட்டிய ஈஸ்ட்போர்ட்டில் 5.6 மீட்டர். அங்குள்ள வளைகுடாவும் அதை அடுத்த ஃபண்டி விரிகுடாவும் சேர்ந்து ஒரு தொட்டி மாதிரி. அதில் நீர் தானாக அலைந்து திரும்ப எடுக்கும் நேரமும், 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஓதத்தின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் ஏறிக்கொண்டே போகுமல்லவா, அப்படித்தான் கடலும் ஏறுகிறது.

ஓதம் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேர இறக்கத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி இறங்கிவிடும். ஈஸ்ட்போர்ட் பக்கம் அந்த நேரத்தில் நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் படகை முட்டவிட்டு, காபி போட்டுக் குடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால், நீர்விளிம்பு இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். சாமானோடு 200 கிலோவைத் தாண்டிய படகை ஒற்றை ஆள் இழுத்து இறக்க முடியாது. அடுத்த ஏற்றம் வரும்வரை அதே பாறையில் உட்கார வேண்டியதுதான்.

இதற்கு அங்கே ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு, அதன் மிதவையில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியாகக் கரைவரை நீண்ட கயிற்றை வளையமாக ஓட்டுகிறார்கள். துணி காயப்போடும் கொடியைப் போன்ற அந்த வளையத்தில் படகைக் கட்டி, கரையில் நின்றபடி ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் படகு ஆழத்துக்குப் போகும். மறுபக்கத்தை இழுத்தால் திரும்பி வரும். ஓதம் எத்தனை மீட்டர் இறங்கினாலும் படகு மிதந்துகொண்டே இருக்கும்.

தென்மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று மெய்ன் கரையின் குளிர்ந்த நீரின் மேல் படிந்ததும் கோடையிலும் மூடுபனி எழும். காந்த ஊசியை நம்பி ஓட்ட வேண்டும். நீரில் விழுந்தால் குளிர்தான் முதல் எதிரி. குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு இது: மூச்சுத்திணறலை அடக்க ஒரு நிமிடம், கைகால் வேலை செய்யப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். கவிழ்ந்த படகை நிமிர்த்தி உள்ளே ஏற அந்தப் பத்து நிமிடம்தான் உண்டு.

இதே வேஃபேரர் எவ்வளவு தாங்கும் என்பதை ஃபிராங்க் டை காட்டினார். 'வாண்டரர்' என்ற தன் படகில் ஒரு துணையோடு 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து போனார். அடுத்த ஆண்டு நார்வே போகும் வழியில் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் படகு நான்கு முறை கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது. ஒவ்வொரு முறையும் நிமிர்த்தி, நீரை இறைத்து, கரை சேர்ந்தார்கள். அந்தப் படகு இன்று இங்கிலாந்தின் ஃபால்மத் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பயணத்தில் இருவர் நிமிர்த்தினார்கள், இருவர் இறைத்தார்கள். இந்தக் கதையைத் தைரியத்துக்கு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

கரையில் இறங்க மனமில்லாதவர்கள் சேற்றுக் கழிமுகம் ஒன்றில் புகுந்து, பாயின் அடிக்கழி மேல் கூடாரத் துணியை விரித்துப் படகிலேயே படுத்துவிடுவார்கள். பகல் முழுக்க விளிம்பில் தொங்கிய அடிப்பாரம் இப்போது அடித்தட்டில் நீட்டிப் படுக்கிறது. நள்ளிரவுக்குப் பின் ஓதம் வடியும்போது பலகையடியில் சளசளப்பு நின்று, படகு சேற்றில் மெத்தென்று உட்கார்ந்துவிடும். சில மணி நேரம் அசைவே இருக்காது. விடியும் முன் முதுகுக்கடியில் மறுபடி நீர் ஊறி ஒலிக்கும். படகு லேசாக ஒருமுறை புரண்டு மிதக்கத் தொடங்கும்.