மணிநகை ஒளிப்படம்

மணிநகை ஒளிப்படம் என்பது பாசிமணி, கண்ணாடிமணி, பவழம், கருகமணி, சுடுமண் மணி, மரமணி முதலியவற்றைக் கையால் கோத்துச் செய்யும் அணிகலன்களை விற்பனைக்காகவோ ஆவணத்துக்காகவோ படமெடுக்கும் தொழிலாகும். இது பொருள் ஒளிப்படத்தின் ஒரு கிளை. திருமணப் படம், செய்திப் படம், இயற்கைப் படம் ஆகியவற்றைப் போல இதற்குப் பெயரும் புகழும் இல்லை. ஆனால் கைப்பேசித் திரையைப் பார்த்து நகை வாங்கும் வழக்கம் பெருகிய பிறகு, சிற்றூரில் வீட்டுத் திண்ணையில் மணி கோக்கும் ஒருவரின் வருமானத்தை இந்தப் படமே பெரிதும் முடிவு செய்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு இது பொருத்தமான தொழில் என்று சொல்ல அந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே காரணங்கள் உள்ளன.

தமிழ்நாட்டில் நகைப் படத்தின் தொடக்கம்

ஒளிப்படக்கலை சென்னை மாகாணத்துக்கு விரைவாகவே வந்து சேர்ந்தது. சென்னை ஒளிப்படச் சங்கம் 1850களிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1858இல் மதுரையைப் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரம், மண்டபம், தெப்பக்குளம் ஆகியவற்றோடு கோயில் நகைகளையும் அவர் தனியே ஒரு படமாக எடுத்திருக்கிறார். தென்தமிழ்நாட்டில் அணிகலன்களை மட்டும் பொருளாகக் கொண்ட மிகப் பழைய படங்களுள் அது ஒன்று.

அந்தக் காலத்து வெள்ளி உப்புப் பூச்சு நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பை உணராது. ஆகவே மாணிக்கமும் பவழமும் அத்தகைய படங்களில் கறுத்துவிடும், நீலக்கல் வெளிறிவிடும். நகையின் உருவம் கிடைக்கும், நிறம் கிடைக்காது. நூற்று அறுபது ஆண்டுகள் கழிந்தும், நகையைப் படமெடுப்பவரின் முதல் தலைவலி இன்றும் நிறம்தான் என்பதைப் பின்னர் காணலாம்.

பல பத்தாண்டுகளுக்கு நகையின் வண்ணத்தை மக்களுக்குக் காட்டியது ஓவியமே. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) தம் மாணவர்களோடு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகி, வீட்டுக்கு வீடு தொங்கின. இலக்குமியின் கழுத்தில் முத்துவடம் எப்படிப் படிய வேண்டும், ஒவ்வொரு முத்திலும் வெளிச்சப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை அந்த ஓவியர்கள் அறிந்திருந்தனர். இன்றைய படக்காரர் விளக்கை நகர்த்தி நகர்த்தித் தேடுவதும் அதே வெளிச்சப்புள்ளியைத்தான்.

சிவகாசியின் அச்சும் பட்டாசும்

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கியது பலரும் அறிந்த செய்தி. தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும். அந்தத் தேவையே சிவகாசியை அச்சு நகரமாக்கியது. இன்று நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளிக் குறிப்பேடு, பெட்டி, விலைப்பட்டியல் என அங்கே அச்சாகும் எல்லாவற்றுக்கும் படம் வேண்டியிருக்கிறது. எனவே படக்காரரும் பக்க வடிவமைப்பாளரும் அச்சகத்தாரும் ஒரே ஊரில் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள். பெருநகரங்களில்கூட எளிதில் அமையாத வசதி இது.

ஒளிப்படத்துக்கும் பட்டாசுக்கும் இன்னோர் உறவும் உண்டு. 1887இல் செருமனியில் அறிமுகமான மின்னல்தூள் மக்னீசியமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்தது. ஏறக்குறைய ஒரு வெடிமருந்து. இருட்டறையில் படமெடுக்க அதைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். கைச்சுட்டுக்கொண்ட படக்காரர்கள் பலர். பின்னர் மின்னொளிக் குமிழ்கள் வந்து அந்த அபாயத்தை நீக்கின.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணை பேரியம் உப்புகளைத் தடை செய்ததுடன், இணைய வணிகத் தளங்கள் வழியே பட்டாசு விற்பதையும் தடுத்தது. அதனைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத்தில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தன. பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் தொழில் அது. மருந்து அடைப்பதிலும் திரி வைப்பதிலும் சுருட்டுவதிலும் பழகிய விரல்களுக்கு மணி கோப்பது கடினமன்று. வீட்டிலிருந்தே செய்யலாம், தீ விபத்து இல்லை. பட்டாசை இணையத்தில் விற்க முடியாது, மணிநகையை விற்கலாம். ஆனால் இணையத்தில் விற்க முதலில் தேவைப்படுவது நல்ல படம். மணிநகை பட்டாசுக் கூலிக்கு முழு மாற்றாகிவிடும் என்று சொல்வது மிகை. ஆலை இல்லாத மாதங்களில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவும் துணை வருமானம் என்று கொள்வதே சரி.

வேம்பக்கோட்டை மணிகள்

மணி இந்த மண்ணுக்குப் புதியதன்று. சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில், வேம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு செய்தது. கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் பொருள்கள் எனப் பலவும் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி மணியாக்கும் தொழில் இருந்தது. அவ்வகை மணிகள் தென்கிழக்காசியா வரை சென்றமையால் இந்தோ பசிபிக் மணிகள் என்று அழைக்கப்படுகின்றன.

அகழாய்வில் கிடைத்த மணியைப் படமெடுக்கும் முறையில் வணிகப் படக்காரருக்கும் பாடம் உண்டு. மணியின் அருகே சென்டிமீட்டர் அளவுகோல் வைக்கப்படும். நிழல் கடுமையாக விழாது. துளை தெரியும்படி ஒரு கோணம், பக்கவாட்டில் ஒரு கோணம் என எடுக்கப்படும். அழகூட்டுவதற்கு அங்கே இடமில்லை, ஏனெனில் படமே சான்று. விற்பனைப் படமும் ஒருவகைச் சான்றுதான். அதை நம்பியே ஒருவர் பணம் அனுப்புகிறார்.

படமெடுக்கும் முறை

மணி என்பது உருண்டையான ஒரு சிறு கண்ணாடி. எதிரே உள்ள சன்னல், மின்விளக்கு, கைப்பேசி, படமெடுப்பவரின் சேலை நிறம் எல்லாம் அதில் தெரியும். நூறு மணி உள்ள மாலையில் நூறு சன்னல்கள் தெரியும். எனவே ஒளியைச் செப்பனிடுவதே வேலையின் பாதி. விருதுநகர்ப் பக்கத்து நண்பகல் வெயிலில் வைத்து எடுத்தால் மணியின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் போகும். காலை ஒன்பது மணிக்குள், வெயில் நேரே விழாத சன்னல் ஓரமோ தாழ்வாரமோ போதும். சன்னலில் ஒரு டிரேசிங் தாளை ஒட்டினால் ஒளி பரவி மென்மையாகும். சிவகாசியில் அந்தத் தாளுக்குப் பஞ்சமில்லை. சன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் நிழல் இளகும். படமெடுப்பவர் மங்கலான நிற உடை அணிவது நல்லது.

சன்னல் ஒளியோடு குழல்விளக்கையும் எரியவிடுவது பலர் செய்யும் தவறு. இரண்டு ஒளிக்கும் நிறம் வேறு. மாலையின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும். மலிவான எல்.இ.டி. விளக்குகளில் சிவப்புக் கூறு குறைவாக இருப்பதால் பவழம் செங்கல் நிறமாகிவிடும். விளக்கு வாங்குவோர் அதன் பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் படத்தில் ஒரு சாம்பல்நிற அட்டையை நகையோடு சேர்த்து எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் அதை வைத்தே நிறத்தைச் சரிசெய்யலாம்.

கறுப்பும் வெள்ளையும் தனிச் சிக்கல். கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சமாகக் காட்டப் பார்க்கும். கறுப்புத் துணியில் வைத்த கருகமணி சாம்பலாகத் தெரியும். ஒளியளவைக் குறைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வைத்த முத்துமாலை அழுக்காகத் தெரியும். ஒளியளவைக் கூட்ட வேண்டும். கைப்பேசியில் நகையின் மீது விரலை அழுத்திப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தினால் இது முடியும்.

நகைவேலையில் பயன்படும் 11ஆம் எண் ஊசிப்பாசி சுமார் 2 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சிறியதை நெருங்கி எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைந்துவிடும். முன்மணி தெளிவாக இருந்தால் பின்மணி மங்கும். கேமராவில் துளையை எஃப் 8 முதல் 11 வரை சுருக்கலாம். அதற்கு மேல் மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதும் மென்மையாகிவிடும். கைப்பேசியில் துளையைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. ஆகவே சற்றுப் பின்வாங்கி, இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுப்பதே வழி. மிக நெருங்கினால் பதக்கம் ஊதியது போலத் தோன்றும். முக்காலியும் இரண்டு நொடிக் காலக்கெடுவும் கட்டாயம்.

கண்ணாடிமணியின் ஊடுருவும் நிறம் தெரிய வேண்டுமானால் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும். பட்டை தீட்டிய படிகமணிக்கு மென்னொளி மட்டும் போதாது; சிறு டார்ச் ஒன்றைத் தள்ளிப் பிடித்தால்தான் மின்னும். சுடுமண் மணிக்குப் பக்கவாட்டு ஒளி, அதன் சொரசொரப்பைக் காட்டும்.

ஒரு நகைக்கு ஐந்து படங்களாவது வேண்டும்: முழுவதும் தெரிவது, மணிகளின் நெருக்கப் படம், கொக்கியும் பின்புறமும், அளவுகோலோடு ஒன்று, அணிந்த நிலையில் ஒன்று. கொக்கிப் படத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் வாங்கிப் பழகியவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அறுந்து விழுவது அங்கேதான்.

உண்மையும் உரிமையும்

250 ரூபாய் மாலை ஒன்று, படத்தில் கருஞ்சிவப்பாகவும் கையில் ஆரஞ்சாகவும் இருந்து திருப்பி அனுப்பப்பட்டதாகக் கொள்வோம். போக்குவரத்துச் செலவு 70 ரூபாய் போகவும் 70 ரூபாய் வரவும் ஆனால் 140 ரூபாய் செய்தவர் தலையில் விழக்கூடும். ஒரு மாலையில் நிற்கும் லாபத்தைவிட அது கூடுதல். கைப்பேசிகள் தாமாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பை அணைத்துவைப்பது இதனால்தான் முக்கியம். படத்தில் விழுந்த தூசியை நீக்கலாம். உடைந்த மணியைக் கணினியில் ஒட்டவைப்பது ஏமாற்று.

அச்சுக்குக் கொடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. திரையில் பளிச்சிடும் மயில்நீல மணி தாளில் மங்கும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடுவதால், ஆவணமாக இணைத்து அனுப்புமாறு அச்சகத்தார் கேட்பது வழக்கம்.

தாம் எடுத்த படம் வேறொருவர் கடையில் வேறு விலையோடு நிற்பதைக் காணும் கைவினைஞர்கள் உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி படமெடுத்தவரே ஆக்கியோன். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். 2012 திருத்தத்துக்குப் பின் ஒளிப்படத்துக்கும் ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று நண்பர் சொன்னாலும், யாருக்கு உரிமை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நட்புக்கும் நல்லது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பவரிடமே வலுவான சான்று இருக்கும்.

தொழிலாகக் கற்றல்

ஒரு காலத்தில் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் இந்து படச்சுருள், இருட்டறை, சிவப்பு விளக்கு என்று கற்க வேண்டியிருந்தது. எண்ணிமக் கேமராக்கள் அதை முடித்துவைத்தன. கடவுச்சீட்டு அளவுப் படத்தை நம்பியிருந்த ஸ்டுடியோக்கள் பல திருமணப் படங்களுக்கும் காணொளிக்கும் மாறின. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவற்றுக்கு வேலை குறைவு. பொருள் ஒளிப்படம் அந்த இடைவெளியில் பொருந்துகிறது, ஏனெனில் அதற்கு ஆடியும் மார்கழியும் ஒன்றே.

தொழிற்பயிற்சித் திட்டத்தில் எண்ணிம ஒளிப்படப் பிரிவு உள்ளது. கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு உள்ளது. படிப்பு இல்லாமலும் தொடங்கலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் மணி கோப்பவர் பத்துப் பேர் இருந்தால், அவர்களுள் ஒருவரே படம் எடுக்கப் பழகி மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்ற முறை. மணியின் பெயரும் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாடும் அவருக்கு முன்பே தெரியும். ஸ்டுடியோக்காரர் அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கூலியைப் படத்துக்கு இவ்வளவு என்று பேசுவதைவிட, நகை ஒன்றுக்கு ஐந்து படம் என்ற தொகுப்பாகப் பேசினால் இரு பக்கமும் குழப்பம் இராது. சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்களிடம் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார்கள். திரையில் அந்தத் தொடுதல் இல்லை. அதனால்தான் கொக்கி, பின்புறம், அளவுகோல் என்று இத்தனை படங்கள் தேவைப்படுகின்றன.