கப்பல் கம்பெனி புரிய என்னவெல்லாம் தெரிய வேண்டும்?

இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘1906 அக்டோபரில், 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து, சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. தூத்துக்குடி - கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்திருந்த ஏகபோகத்துக்கு அது சவாலானது. கட்டணப் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் கம்பெனி நலிந்தது.’

ஓட்டப்பிடாரத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இதைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிடும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. பிறந்த வீடு அந்த ஊரில்தான் நினைவு இல்லமாக இருக்கிறது. செப்டம்பர் 5 வந்தால் சிலைக்கு மாலை போடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. ஆனால் பங்கு என்றால் என்ன? 25 ரூபாய் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? கப்பல் ஏன் கொழும்புக்குப் போக வேண்டும்? எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தால் மக்களுக்கு லாபம்தானே, அதில் சுதேசிக் கம்பெனி எப்படி நலியும்?

இதற்கெல்லாம் பதில் பத்தியில் இல்லை. தென் மாவட்டத்துக்காரர்கள் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் வியாபாரத்துக்கும் இலங்கைக்குப் போய்வந்த காலம் அது என்று தெரிந்தால்தான் கொழும்பு புரியும். பல கடல்வழிகளில் சம்பாதிக்கும் பெரிய கம்பெனியால் ஒரு வழியில் வரும் நட்டத்தைத் தாங்க முடியும், ஒரே வழியை நம்பிய கம்பெனியால் முடியாது என்று தெரிந்தால்தான் கட்டணப் போட்டி புரியும். இவை தெரியாத பிள்ளைக்கு அந்த மூன்று வாக்கியங்களும் ‘நம்மவர் கப்பல் விட்டார், வெள்ளைக்காரன் கெடுத்தான்’ என்று சுருங்கிவிடும்.

தமிழில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அர்த்தம் தெரியாத சொல்லையும் ஏறக்குறைய சரியாகவே உச்சரித்துவிடுவார். ஆய்வுக்கு வரும் அதிகாரி பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார். பிள்ளை கணீரென்று வாசிக்கிறது. எல்லோருக்கும் திருப்தி.

இதே சங்கதியை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பேராசிரியர் இ.டி. ஹர்ஷ் எதிர்கொண்டார். ரிச்மண்ட் நகரின் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு வாசிப்புச் சோதனை நடத்தினார். நட்பைப் பற்றிய பத்தியை அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைப் போலவே புரிந்துகொண்டார்கள். உள்நாட்டுப் போரில் தளபதி லீ, தளபதி கிராண்டிடம் சரணடைந்த பத்தியில் தடுமாறினார்கள். அந்தப் போரில் ரிச்மண்ட் தென் மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊர். அவர்களுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்ததைப் பொருத்திப் பார்க்க உள்ளே எதுவும் இல்லை. அறிவுச் செறிவுள்ள பாடத்திட்டம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதற்கு அவருடைய எழுத்து முக்கியமான தொடக்கம்.

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயரெடுத்து ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கபடியை வைத்துச் செய்து பார்த்தாலும் இதைத்தான் காண்போம் என்பது என் நம்பிக்கை.

காரணம் மனம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாம் மனத்தில் பிடித்து வைக்கக்கூடியது மிகச் சில சங்கதிகளைத்தான். 1973இல் சேஸ், சைமன் இருவரும் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதற்குச் சான்று. உண்மையான ஆட்டத்தின் பலகையைச் சில நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுவார். புதியவர் நான்கைந்தோடு நின்றுவிடுவார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதாவது, தேர்ந்தவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல, பல்லாண்டுகளாகச் சேர்ந்த சதுரங்க அறிவு. ‘சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள், தகவல் இணையத்தில் கிடைக்கும்’ என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எதைத் தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது என்பதற்கே முன்னறிவு வேண்டும்.

வ.உ.சி.யையே பாருங்கள். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். பாட்டி சிவன் கதை சொன்னார், தாத்தா இராமாயணம் சொன்னார். வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் படித்தார். பிறகு தூத்துக்குடியில் பள்ளிப்படிப்பு, அதன்பின் சட்டம். சட்டம் தெரிந்தவர், வணிகர்களோடு பழகியவர், தமிழிலக்கியத்தில் ஊறியவர் என்பதால்தான் அவரால் கம்பெனியும் தொடங்க முடிந்தது, கோரல் மில் தொழிலாளர்களுக்காகவும் நிற்க முடிந்தது, சிறையிலிருந்து வந்தபின் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பிக்கவும் முடிந்தது. அவருக்குப் பாதி அறிவு வீட்டிலேயே கிடைத்தது. வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது பள்ளியில்தான் கிடைத்தாக வேண்டும். பாடத்தைக் குறைத்தால் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு நட்டமில்லை. உப்பளத்துக்குப் போகிறவர் பிள்ளைக்குத்தான் நட்டம்.

அதனால்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை பாட அளவைக் குறைக்கச் சொல்வதை நான் தயக்கத்தோடு பார்க்கிறேன். சுமை குறைய வேண்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசியதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை கொடுத்தது. பையின் எடையைவிடக் கொடியது புரியாமையின் சுமை என்பதே அதன் சாரம். புரியாமை பாடத்தை வெட்டுவதால் தீராது. ஒன்றன்மேல் ஒன்றாக, முன்னது பின்னதற்கு உதவும்படி அடுக்கினால்தான் தீரும்.

நம் மாநிலத்தின் 2018 பாடப்புத்தகங்கள் செறிவானவை, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தடித்த புத்தகம் மட்டும் போதாது. பாடத்தைத் தள்ளிவிட்டு, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்குக் கோடிட்டுக் கொடுத்து, கைடில் உள்ள ஒரு மதிப்பெண் விடைகளை ஒப்பிக்க வைப்பதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிய பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது விலக்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பதற்றம் குறையும், சரி. படிக்கட்டில் ஒரு படியை மறுபடி உருவிவிடாமல் பார்த்துக்கொள்ளப்போவது யார்?

அறிவு என்றால் யாருடைய அறிவு? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் இருக்கிறது, கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கனார் பிறந்த கவர்னகிரியும் இருக்கிறது. ஒருவர் பெயர் மட்டும் வகுப்பறைக்கு வந்து இன்னொருவர் பெயர் வராமல் போனால் அது விபத்தல்ல, யாரோ செய்த தேர்வு. பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதிவைத்தால்தான் அந்தத் தேர்வோடு சண்டை போட முடியும். வெறும் ‘திறன்கள்’ என்று எழுதிவைத்தால் எதோடு சண்டை போடுவது?

இன்னொரு சந்தேகமும் எழும்: அறிவுச் செறிவுள்ள பாடத்திட்டம் உள்ளூர் அறிவை ஓரங்கட்டிவிடாதா? வேப்பலோடைப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உப்புநீரின் அடர்த்தியை ‘டிகிரி’யில் பார்ப்பார்கள். ஏறத்தாழ மூன்று டிகிரியில் இருக்கும் கடல்நீர், வெயிலில் வற்றி 25ஐத் தொடும்போது பாத்தியில் உப்பு பூக்கும். 30ஐ நெருங்கும்முன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். தெவிட்டிய கரைசல், படிகமாதல், அடர்த்தி என்று வேதியியல் புத்தகம் சொல்வது அத்தனையும் அந்தப் பாத்தியிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு உப்பு தெரியும், புத்தகத்துக்குக் கலைச்சொல் தெரியும். இரண்டையும் சேர்த்து வைப்பது ஆசிரியரின் வேலை. சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை குஜராத் உப்பளத்தையும் படிக்கும், சாக்கடலையும் படிக்கும்.

பாடத்திட்டம் மாற ஆண்டுகள் ஆகும். தொடக்கப்பள்ளியில் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகள் தாமாக வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம். தினம் 20 நிமிடம் ஆசிரியர் படித்துக்காட்டலாம், இன்று காக்கா நாளை கம்ப்யூட்டர் என்று தாவாமல், ஒரே பொருளில் இரண்டு வாரம். முத்துக்குளித்தலையே எடுத்துக்கொள்ளலாம். கொற்கைத் துறைமுகம், சிப்பி வளரும் பார், மூச்சடக்கி இறங்கியவர்கள், 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு, 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. பார், சிப்பி, வளர்ப்பு, ஏற்றுமதி என்ற சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்போது மனத்தில் தங்கும். ஈராசிரியர் பள்ளியில்கூட இதற்குத் தடையில்லை. ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்தே படித்துக்காட்டலாம்.