கிள்ளிவந்த பொன்

ஹோஸ்டா என்றொரு நிழல்செடி உண்டு. ஜப்பான், கொரியா, சீனா அதன் தாய்நாடுகள். அதன் பொன்னிற இலை ரகங்கள் என்றால் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு உயிர். பெங்களூரில் அதை வளர்ப்பதுதான் கஷ்டம். வாரக்கணக்கில் கடுங்குளிரில் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். சுமார் 920 மீட்டர் உயரத்து மார்கழி அதைத் தூங்கவைக்கப் போதாது.

போகட்டும். நிழலில் பொன் வேண்டுமா? பால்கனியில் தண்ணீர் பாட்டிலில் நிற்கும் மணி பிளான்ட்டைப் பாருங்கள். டஹிட்டிக்கு அருகிலுள்ள மொரேயா தீவிலிருந்து வந்தது. நம் சேனைக்கும் சேம்புக்கும் உறவு. கடித்தால் நாக்கு அரிக்கும்.

அதன் பொன் உண்மையில் ஒரு குறை. இலைக்குப் பச்சை தரும் பச்சையம் பல படிகளில் தயாராகிறது. மஞ்சள் திட்டுகளில் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பச்சை விலகியதும், கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு இனத்து மஞ்சள் வெளியே தெரிகிறது. சமைக்காத திட்டுகளுக்கும் சேர்த்துப் பச்சைப் பகுதியே உணவு சமைக்கிறது. செடியை இருட்டு மூலைக்கு மாற்றினால், புது இலைகளில் பொன் குறையும்.

தொங்கவிட்டால் உள்ளங்கை அளவு இலை. அதே கொடி மரத்தில் தொற்றி ஏறினால் இலை முறத்தையும் மிஞ்சும், ஓரங்கள் கிழிந்ததுபோல் பிளவுபடும். இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

எல்லாவற்றையும்விட விநோதம், இது பூப்பது மிக மிக அரிது. தாவரத்துக்குப் பூதான் ஜாதகம்; அது கிடைக்காததால் பெயர் நிலைக்கவில்லை. 1880-இல் இதைப் போத்தோஸ் என்றார்கள். பிறகு இரண்டு பேரினங்களுக்கு மாற்றினார்கள். 1964-இல்தான் எபிப்ரெம்னம் பேரினத்தில் வந்து சேர்ந்தது. நர்சரிக்காரர்களுக்கு இன்றும் போத்தோஸ்தான்! பூக்காத காரணம் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பிடிபட்டது. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி இயக்குநீரைத் தயாரிக்கும் மரபணு ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அந்த இயக்குநீரை வெளியிலிருந்து தெளித்ததும் செடி பூத்தது.

பூ இல்லை, விதை இல்லை. ஆனாலும் உலகம் சுற்றிவிட்டது, எல்லாம் கிள்ளிய கைகளின் புண்ணியத்தில். பக்கத்து வீட்டில் கேட்காமல் கிள்ளியதுதான் செழிக்கும் என்பார்கள். கேட்டோ கேட்காமலோ, கணுவோடு கிள்ளுங்கள். புதுத் தளிர் கிளம்பும் மொட்டு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெறும் இலை பாட்டிலில் நெடுநாள் பசுமையாக நிற்கும், கொடியாகாது.