முள்வாயிலும் கடவுச்சொல்லும்

கொழும்பிலிருந்து கண்டி மாநகருக்கு வருவோர் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தே வருதல் வேண்டும். அதன் அயலிலே பலன என்றோர் மலைமுகடு உண்டு. 'பார்க்கின்ற' எனப் பொருள்படும் அச்சிங்களச் சொல்லே அவ்விடத்தின் வரலாற்றைக் கூறிவிடுகின்றது. கண்டி மன்னரின் காவலர் அங்கு நின்றே கீழ்நாட்டுப் படையின் வரவை நோக்கியிருந்தனர்.

அந்நாளைய காவலின் நுட்பத்தை நமக்கு விரித்துரைத்தவர், அக்காவலுக்குள் அகப்பட்டுக் கிடந்த ஓர் ஆங்கிலேயரே. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இதனை எழுதியுள்ளார். வழிதோறும் முள்ளாலான வாயில்கள் இருந்தன; அவற்றைக் கடப்போர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டுதல் வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம். சுமையாளுக்குத் தோளிலே தடியும் அதன் இருபுறமும் பைகளும் தொங்கும் உருவம். வெள்ளையனுக்கு இடையிலே வாளும் தலையிலே தொப்பியும் அணிந்த வெள்ளையனின் உருவம். செல்பவர் எத்தனை பேரோ, களிமண்ணில் உருவங்களும் அத்தனையே.

அண்மையிலே கண்டி வாவிக்கரையில் உலாவும்போது, இச்செய்தியை என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் கூறினேன். அவர் இங்கிலாந்திலே ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் முதுநிலை இணையப் பாதுகாப்பு ஆய்வாளராகப் பணிபுரிபவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். கேட்டதும் முறுவலித்து, "ஐயா, எங்கள் தொழிலின் முதற்பாடமே இதுதான். யார் வருகிறார், அவர் எதுவரை செல்லலாம் என்ற இரண்டையும் அறிந்த பின்னரே வாயிலைத் திறக்க வேண்டும்" என்றார்.

மாநகர சபைக்கு இத்தகைய காவல் எதற்கு என்று வாசகர் வினவலாம். 1865இல் நிறுவப்பெற்ற கண்டி மாநகர சபையையே எடுத்துக்கொள்வோம். சோலைவரி, நீர்க்கட்டணம், கட்டட அனுமதி, பொதுச் சுகாதாரம், நூலகம் என நகரமாந்தரின் வாழ்வு முழுவதும் இத்தகைய சபையின் ஏடுகளோடு பிணைந்து கிடக்கின்றது. முன்பு அவ்வேடுகளைத் திருடவோ எரிக்கவோ விரும்பியவன் கண்டிக்கு வந்து பூட்டை உடைத்தல் வேண்டும். ஏடுகள் கணினிக்குள் புகுந்தபின், கடல் கடந்த நாட்டில் நாற்காலியை விட்டு எழாமலே ஒருவன் அதனைச் செய்யலாம்.

திருவள்ளுவனார் அரண் என்னும் அதிகாரத்திலே, கோட்டையைக் கொள்ளும் வழிகள் மூன்றென உணர்த்துகின்றார். முற்றுகையிடுதல் ஒன்று, முற்றுகையின்றிப் பாய்ந்து தாக்குதல் மற்றொன்று, அகத்திருப்போரை வஞ்சித்து வசமாக்குதல் மூன்றாவது. இம்மூன்றுக்கும் அகப்படாததே அரண். என் மாணாக்கர் தம் தொழிலை விளக்க விளக்க, இம்மூன்றும் என் கண்முன்னே நின்றன.

கோடிக்கணக்கான போலி வேண்டுகோள்களை ஒரே வேளையில் அனுப்பிச் சேவையகத்தை மூச்சடைக்கச் செய்வது முற்றுகை. பழைய மென்பொருளில் உள்ள பிளவைத் தேடி உட்புகுவது தாக்குதல். மேலதிகாரியின் பெயராலோ வங்கியின் பெயராலோ தூண்டில் மடல் விடுத்துக் கடவுச்சொல்லைப் பறிப்பது வஞ்சனை.

ஆய்வாளரின் நாள் இம்மூன்றையும் எதிர்நோக்கியே கழிகின்றது. காலையிலே, இரவில் யார் யார் எங்கிருந்து நுழைந்தனர் என்னும் பதிவுகளை அவர் நோக்குகின்றார். கருவிகள் எழுப்பும் எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவை வெறும் ஓசையே. அவற்றுள் மெய்யான ஒன்றைப் பிரித்தறிவதே முதுநிலை அனுபவத்தின் பயன். திருத்த நிரல்கள் காலந்தாழ்த்தாது சேர்க்கப்பட்டனவா, விலகிச் சென்ற ஊழியரின் கணக்கு மூடப்பட்டதா, காப்புப்படி ஒன்றேனும் வலையமைப்போடு தொடர்பற்றுத் தனியே உள்ளதா, அதிலிருந்து ஏடுகளை மீட்டுப் பார்த்ததுண்டா என்றெல்லாம் ஓயாது வினவுபவர் அவர். 'ஒன்றும் நிகழவில்லையே, இச்செலவு எதற்கு?' என்னும் உறுப்பினர்க்கு விடையிறுப்பதும் அவர் கடனே. ஒன்றும் நிகழாமையே அவர் உழைப்பின் விளைவு என்பதைப் புரியவைத்தல் எளிதன்று.

இவை வெறும் அச்சுறுத்தல் அல்ல. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலங்கை அரசின் மேகக்கணினி, கப்பம் கோரும் தீநிரலுக்கு இலக்காயிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையுள்ள மடல்கள் மீளாதொழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப்படி இல்லை. மின்னஞ்சலை இயக்கிய மென்பொருளும் புதுப்பிக்கப்படாத பழையது.

இலண்டனின் ஹக்னி உள்ளூராட்சி மன்றம் 2020 ஒக்டோபரிலே இவ்வாறே தாக்குண்டது. வீட்டுதவிப் பணத்தை நம்பியிருந்த ஏழைகள் இன்னலுற்றனர். காணி விபரம் பெற இயலாமையால் வீட்டு விற்பனைகள் தடைப்பட்டன. குறைந்தது 2,80,000 மக்களின் தரவுகள் பாதிக்கப்பட்டதாகக் கண்ட பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம், 2024இல் அம்மன்றத்தைக் கண்டித்தது. பயனின்றிக் கிடந்த பழைய கணக்கொன்றின் உறுதியற்ற கடவுச்சொல்லே பகைவனுக்கு வழியாயிற்று. மூட மறந்த ஒரு சிறு திட்டிவாயிலால் கோட்டை முழுவதும் வீழ்ந்த கதையன்றோ இது!

நிற்க. மூன்று வழிகளுள்ளும் கொடியது மூன்றாவதே. கண்டியின் வரலாறும் இதற்குச் சான்று. 1803இல் படையோடு வந்த ஆங்கிலேயர் பேரழிவெய்தினர். 1815இல் பிரதானிகள் சிலர் மன்னனை விட்டு அவர் பக்கம் சாயவே, மலையும் முள்வாயிலும் பயன்படாதொழிந்தன. நொக்ஸ் தப்பியதும் ஆயுதத்தால் அன்று. ஊர்தோறும் சிறுபொருள் விற்கும் வணிகராகத் திரிந்து பழகி, எல்லைப்புறத்து அதிகாரியிடம் மான் வற்றல் வாங்க வந்ததாகக் கூறி ஐயத்தை அகற்றினார். 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அங்கே காவல் பழுதுபடவில்லை, காவலர் நம்பிவிட்டனர்.

இதனை எழுதும் யானும் அவ்வாறு நம்பியவனே. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் பெயரால் வந்த மடலொன்று, என் மின்னஞ்சற் கணக்கு மூடப்படும் எனக் கூறிக் கடவுச்சொல்லைக் கேட்டது. இலக்கணப் பிழையொன்றைக் கண்டால் பொறாத நான், அம்மடலில் மலிந்த பிழைகளைக் கண்டும் கொடுத்துவிட்டேன். மறுநாளே ஏமாந்தமை விளங்கிற்று. பண்டிதன் ஏமாந்தான் என்று மாணாக்கர் நகைப்பரே என நாணி, இரண்டு நாள் வாய் திறந்தேனல்லேன். அவ்விரண்டு நாளில் என் பெயரால் அவசர உதவி கேட்டுப் பலருக்கு மடல்கள் சென்றன. முன்பு என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய், ஆசிரியருக்கு இடரோ என்று இரங்கித் தம் சீட்டுப்பணத்தை அனுப்பிவிட்டார். பின்னர் அப்பணத்தை நான் ஈடுசெய்தேனாயினும், அவர் முகத்தை நோக்க இன்றும் கூசுகின்றேன்.

வாவிக்கரையில் இதனைச் சொன்னபோது என் மாணாக்கர் நகைத்தாரல்லர். "ஐயா, ஏமாறுதல் எவர்க்கும் நேரும், எனக்கும் நேர்ந்திருக்கிறது. மறைத்த இரண்டு நாளே பகைவன் விரும்பிய காலம். எங்கள் மன்றத்தில், 'தவறு செய்துவிட்டேன்' என்று உடனே வந்து சொல்லும் எழுதுவினைஞரை நாங்கள் கடிவதில்லை, நன்றி கூறுகிறோம். அவர் அஞ்சி மறைத்தால் என் கருவிகள் எல்லாம் வீண்" என்றார். அன்று யான் மாணாக்கனானேன்.

இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கணினி இடர்களை எதிர்கொள்ள 2006இல் நிறுவப்பெற்ற இலங்கை சேர்ட் என்னும் அமைப்பும் உண்டு. எனினும் சட்டம் மதில், ஆளே காவல். சிறிய பிரதேச சபை ஒவ்வொன்றும் தனித்தனியே முதுநிலை ஆய்வாளரை அமர்த்த இயலாதெனின், சபைகள் பல கூடி ஒருவரை அமர்த்தலாகாதா? அவர் கணினிகளை மட்டுமன்றி, அவற்றின் முன் அமரும் எழுதுவினைஞர்க்கு அவர்தம் தாய்மொழியிலே பாடஞ்சொல்பவராகவும் இருத்தல் வேண்டும்.

எத்துணைச் சிறந்த அரணாயினும் அகத்தே செயல்வல்லார் இல்லையேல் அது அரணன்று என்றே வள்ளுவனாரும் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். அவ்வல்லமையின் தொடக்கம், 'ஐயா, தவறிவிட்டேன்' என அஞ்சாது சொல்லும் நாவும், சினவாது கேட்கும் செவியுமேயாம். அவ்விரண்டையும் வளர்க்கும் இடம் பள்ளிக்கூடம். ஆதலால் இக்காவலில் ஆசிரியர்க்கும் பங்குண்டு.