தன்பதிவுத் தரவும் ஆய்வு வெளிப்படைத்தன்மையும்: திறன்பேசிவழி ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசியின் உணரிகள் தாமாகப் பதிவுசெய்யும் தரவைக் கொண்டு மனிதரின் உறக்கம், நடமாட்டம், உரையாடல் ஆகியன இன்று ஆராயப்படுகின்றன. இத்தரவை முழுமையாக வெளியிட்டால் பங்கேற்பாளரின் அந்தரங்கம் கெடும். வெளியிடாது விடின் முடிவைப் பிறர் சரிபார்க்க இயலாது. மூலத்தரவைக் காத்து, அது முடிவாக மாறிய வழியைத் திறந்துவைப்பதே இம்முரணுக்குத் தீர்வு என இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, உணரி, தன்பதிவுத் தரவு, வெளிப்படைத்தன்மை, அந்தரங்கம், ஆய்வு அறம்

1. முன்னுரை

நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என ஒருவரை வினவினால் அவர் தம் நினைவைக் கொண்டு விடையளிப்பார். அவ்விடையில் மறதியும் மிகையும் கலந்திருக்கலாம். எனினும் வினா எது, விடை எது என்பது தெளிவாகத் தெரியும். திறன்பேசிவழி ஆய்வில் இந்நிலை மாறுகிறது. பங்கேற்பாளர் ஏதும் கூறுவதில்லை. அவர் கையிலுள்ள கருவியின் முடுக்கமானி, ஒளியுணரி, ஒலிவாங்கி, இடங்காட்டி ஆகியன இடையறாது பதிவுசெய்கின்றன. பயனரின் முயற்சியின்றித் தானே பதிவாகும் இத்தரவு இங்குத் ‘தன்பதிவுத் தரவு’ எனக் குறிக்கப்பெறுகிறது.

நினைவுப் பிழைக்கு இடமில்லை என்பதால் இத்தரவு ஐயத்திற்கும் அப்பாற்பட்டது என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஒரு முன்னோடி ஆய்வைக் கொண்டு காணலாம்.

2. பதிவும் ஊகமும்

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2013ஆம் ஆண்டு ‘ஸ்டூடண்ட்லைஃப்’ என்னும் ஆய்வு நிகழ்த்தப்பெற்றது. 48 மாணவர்களின் ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் நிறுவப்பெற்ற செயலி பத்து வாரங்கள் தரவு திரட்டியது. மாணவரின் உறக்கம், உரையாடல், உடலியக்கம் ஆகியவற்றுக்கும் மனநலம், கல்வித் தேர்ச்சி ஆகியவற்றுக்கும் இடையிலான தொடர்பு ஆராயப்பெற்றது. முடிவுகள் 2014இல் வெளியாயின. பெயர் நீக்கப்பெற்ற தரவும் பிற ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டது.

திறன்பேசியில் உறக்கத்தை நேரடியாக அளக்கும் உணரி இல்லை. கருவி அசையாதிருத்தல், சுற்றிலும் இருள், ஒலியின்மை, கருவி பயன்படுத்தப்படாமை ஆகிய குறிகளிலிருந்தே இவ்வாய்வில் உறக்க நேரம் உய்த்துணரப்பட்டது. ஆகவே அட்டவணையில் காணும் உறக்க நேரம் பதிவன்று. பதிவின்மேல் எழுந்த ஊகம். இருளில் விழித்துக் கிடப்பவரையும் உறங்குபவரையும் கருவி வேறு பிரித்தறிவது அரிது. ‘வீடு’ என்பதும் இத்தகையதே. இரவில் கருவி நெடுநேரம் தங்கும் இடத்தை வீடெனக் கொள்வது இத்துறையில் வழக்கம். இரவுப்பணி புரியும் செவிலியர் ஒருவருக்கு இவ்வரையறை மருத்துவமனையையே வீடாக்கிவிடும்.

இருள் என்பது எவ்வளவு ஒளிக்குறைவு, இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பன போன்ற எல்லைகளை வகுப்பவர் ஆய்வாளரே. ஆய்வாளருக்குள்ள இத்தகைய தெரிவுரிமை, இல்லாத தொடர்பையும் புள்ளியியல் நோக்கில் உள்ளதுபோலக் காட்டவல்லது என்பதை 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகிய மூவரும் உளவியல் ஆய்வுகளை முன்வைத்து நிறுவினர். தன்பதிவுத் தரவில் தெரிவுகள் மிகப் பலவாதலின் இவ்விடரும் பெரிது.

3. விடுபட்ட பதிவுகள்

பதிவானவற்றைப் போலவே பதிவாகாதவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பு, அசைவின்றித் திரை அணைந்து கிடக்கும் கருவியில் பின்னணிச் செயல்களை ஒத்திவைத்து மின்கலத்தைச் சேமிக்கிறது. 2019இல் வெளியான பத்தாம் பதிப்பு, செயலி பயன்பாட்டில் உள்ளபோது மட்டும் இருப்பிடத்தை அறிய இசைவளிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தந்தது. எனவே தரவில் காணும் வெற்றிடத்திற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும்: இயங்குதளம் பதிவை நிறுத்தியிருக்கலாம், பயனர் இசைவை மறுத்திருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

பதிவு குறைந்த நாள்களை நீக்கிவிட்டுக் கணக்கிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆயின், மனச்சோர்வு முற்றிய நாளில் ஒருவர் கருவிக்கு மின்னேற்றவும் மனமின்றி விட்டிருந்தால், ஆய்வு தேடிய அந்நாளே தரவிலிருந்து நீங்கிவிடும். எத்தனை நாள்கள் நீக்கப்பட்டன, எவ்விதியின்படி நீக்கப்பட்டன என்னும் செய்தி கட்டுரையில் இடம்பெறாவிடில் இப்பிழையைப் படிப்பவர் உணர வழியில்லை.

4. அந்தரங்கம் என்னும் எல்லை

அவ்வாறாயின் மூலத்தரவை முழுமையாக வெளியிடலாகாதா என்னும் வினா எழும். 2013இல் தெ மோந்துவாயும் குழுவினரும் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்பேசி நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்தனர். இடம் அலைக்கோபுர அளவிலும் காலம் மணி அளவிலும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தும், நான்கு இடகாலப் புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறியப் போதுமாயின. பெயரை நீக்குவது மட்டும் காப்பாகாது என்பதை இது காட்டுகிறது. திறன்பேசி உணரிகளின் பதிவு இதனினும் நுண்ணியது.

மேலும், ஒலிவாங்கி பங்கேற்பாளரின் குரலோடு அருகிலிருப்போர் குரலையும் ஏற்கும். அவர்களிடம் எவரும் இசைவு பெறுவதில்லை. ஸ்டூடண்ட்லைஃப் ஆய்வில் உரையாடலின் பொருள் பதிவுசெய்யப்படாமல், உரையாடல் நிகழ்ந்ததா என்பது மட்டும் கருவிக்குள்ளேயே கணிக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் குறித்து முடிவெடுக்கப் பயன்படாத ஆய்வுக்கு, வகுக்கப்பெறும் தரநிலைகளுக்கு உட்பட்டு, விலக்களிக்கிறது. சட்டம் தரும் விலக்கு ஆய்வாளரின் அறக்கடமையை நீக்குவதன்று.

5. திறக்க வேண்டியது வழி

ஏட்டுச்சுவடியைக் காணும் வாய்ப்பு எல்லாப் படிப்பாளர்க்கும் கிட்டுவதில்லை. எனினும் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பயன்படுத்திய பிரதிகளையும் பாடவேறுபாடுகளையும் குறித்தமையால், அவர்கள் கொண்ட பாடத்தை ஏற்கவும் மறுக்கவும் படிப்பவர்க்கு இயல்கிறது. தன்பதிவுத் தரவாய்வுக்கும் இம்முறைமை பொருந்தும்.

அவ்வகையில், பகுப்பாய்வுக்கு முன்னரே கருதுகோளையும் வரையறைகளையும் பதிவுசெய்தல். கருவி, இயங்குதளப் பதிப்பு, பதிவு இடைவெளி ஆகியவற்றைக் குறித்தல். மூலத்தரவை அளவைகளாக மாற்றிய நிரலை வெளியிடுதல். விடுபட்டவற்றைக் கணக்கிட்டுக் காட்டுதல். வேறு வரையறைகளைக் கொண்டால் முடிவு நிலைக்கிறதா எனக் காட்டுதல் ஆகியன இன்றியமையாதவை. மூலத்தரவுக்கு மாற்றாக, நிரலை இயக்கிப் பார்க்க உதவும் செயற்கைத் தரவை வழங்கலாம். மூலத்தைத் தகுதியுடைய ஆய்வாளர் மட்டும் பாதுகாப்பான சூழலில் காண இசைவளிக்கலாம்.

வெளிப்படைத்தன்மை சக ஆய்வாளரோடு முடிவதன்று. எவ்வுணரி எப்போது எதைப் பதிவுசெய்கிறது, அதிலிருந்து தம்மைப் பற்றி எதை ஊகிக்க முடியும், எவ்வாறு விலகலாம் என்பன பங்கேற்பாளருக்கு அவர்தம் மொழியில் விளங்கக் கூறப்படல் வேண்டும். இருப்பிடத்தைத் தர இசைந்தவர், அதிலிருந்து தம் நோயையும் வழிபாட்டிடத்தையும் ஊகிக்க இயலும் என்பதை அறியாதிருந்தால் அவ்விசைவு முழுமை பெறாது.

6. முடிவுரை

தன்பதிவுத் தரவு மனித வாழ்வை நுணுகி அறியத் துணைசெய்கிறது. ஆயினும் அது தானே பேசுவதில்லை; ஆய்வாளர் வகுத்த வரையறைகளின் வழியாகவே பொருள் பெறுகிறது. அவ்வரையறைகள் மறைந்திருக்குமாயின் ஊகம் உண்மையென நிலைபெறும். பங்கேற்பாளரின் நாள்கள் வெளிப்பட்டுவிடின் ஆய்வின்மீது அவர் வைத்த நம்பிக்கை அழியும். பங்கேற்பாளரின் வாழ்வு காக்கப்படவும் ஆய்வாளரின் தெரிவு வெளிப்படவும் வேண்டும் என்பதே இவ்வாய்வுகளுக்குரிய நெறியாகும்.