வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள், தெரியுமா?

கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், அதற்கு அடுத்தது எண்ணூர். அங்கே கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் ஆண்களும் பெண்களும் குனிந்து நகர்ந்துகொண்டிருப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, இரை கிடையாது. பனையோலையில் முடைந்த சின்னக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஆற்றுக்கு அடியில் விட்டுத் துழாவி, இறாலைப் பிடித்துப் பிடித்துக் கூடைக்குள் போடுகிறார்கள்!

அவர்கள் இருளர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குப் பக்கத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, இந்த 21-ஆம் நூற்றாண்டில் இது நடக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்?

கூடையை ஏன் பல்லில் கடிக்க வேண்டும்? கை இரண்டும் வேலையில் இருக்கிறதே! ஒரு கை கூடைக்குப் போனால் பிடிப்பது பாதியாகிவிடும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரல் நுனிதான். விரல்களை விரித்துச் சேற்றின் மேல் மெதுவாக நகர்த்துகிறார்கள். மீசை தட்டுகிறதா, ஓடு உரசுகிறதா, சிப்பியா, கண்ணாடித் துண்டா என்று தொட்ட மாத்திரத்தில் விரல் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இறாலென்றால் அதே நொடியில் சேற்றோடு சேர்த்து அமுக்கிவிட வேண்டும். இறாலின் தலையில் ரம்பம் மாதிரி முள் இருக்கிறது. ஆற்றடியில் உடைந்த பாட்டிலும் சிப்பி ஓடும் கிடக்கின்றன. இந்த வேலை செய்கிறவர்களின் கைகளில் வெட்டுக் காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம் வந்துவிடுகிறது.

ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு மூச்சே நின்றுபோனது. விலங்குலகில் இதுவரை அளந்து பார்த்ததில் மிக வேகமாகச் செய்தி கடத்தும் நரம்பு யாருக்கு இருக்கிறது தெரியுமா? சிறுத்தைக்கு இல்லை, கழுகுக்கு இல்லை, இறாலுக்கு! ஜப்பானியர்கள் விரும்பி உண்ணும் குரூமா இறாலின் ராட்சச நரம்பிழையில் செய்தி நொடிக்கு 200 மீட்டர் வரை பாய்கிறது. மணிக்கு 720 கிலோமீட்டர்! மனித உடம்பின் வேகமான நரம்பே நொடிக்கு 120 மீட்டரைச் சுற்றித்தான். எண்ணூர் ஆற்றில் இருக்கும் வெள்ளை இறாலும் டைகர் இறாலும் அந்தக் குரூமா இறாலின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆபத்து என்று பட்டவுடன் வாலைச் சட்டென்று மடக்கிப் பின்பக்கமாகத் துள்ளிவிடும் இனம் அது. அப்படிப்பட்ட உயிரை வெறுங்கையால் பிடிக்கிறார்கள் என்றால், அந்த விரல்களுக்குள் எவ்வளவு அறிவு ஊறியிருக்க வேண்டும்! இதைக் கூலிவேலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இது பெரிய வித்தை.

இன்னொரு செய்தி தெரியுமா? இதே இருளர் சமூகத்தினர்தான் 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சு அங்கிருந்து போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு பிடிக்கும் இருளரை உலகத்துக்குத் தெரியும். இறால் பிடிக்கும் இருளரை அடுத்த ஸ்டேஷன்காரர்களுக்கே தெரியாது!

சரி, உலகத்தின் மறுகோடிக்குப் போவோம். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஊசியிலைக் காடும் ஏரிகளும் நிறைந்த வனப்பகுதி இருக்கிறது. கோடை விடுமுறையில் அங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் பொழுதுபோக்காக என்ன பிடிக்கிறார்கள் தெரியுமா? க்ரேஃபிஷ்! பேரில் மீன் இருந்தாலும் மீன் இல்லை. ஏரியிலும் ஓடையிலும் வாழ்கிற, பெரிய கொடுக்குள்ள இறால் சாதி. சாயங்காலம் கம்பிக்கூண்டுக்குள் மீன் தலையைப் போட்டுப் பாறை ஓரமாக இறக்கிவிட்டுப் படுத்துவிடுவார்கள். காலையில் தூக்கினால் கூண்டுக்குள் கடகடவென்று ஊர்ந்துகொண்டிருக்கும். பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்டு அவித்தால் விருந்து. கூண்டின் சூட்சுமம் அதன் வாயில்தான்: வெளியே அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். நுழைந்தது திரும்பி வரும் வழியைக் கண்டுபிடிக்காது. நம் ஊர் வாய்க்கால்களில் வைக்கும் மூங்கில் பறிக்கும் இதே சூட்சுமம்தான்! ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் ஊரில் க்ரேஃபிஷ் கிடைக்குமா? கிடைக்காது! உலகத்தில் 600-க்கும் அதிகமான க்ரேஃபிஷ் இனங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கென்று இயற்கையாக அமைந்தது ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மடகாஸ்கர் தீவில் மட்டும் இருக்கிறது! சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை என்பதை நினைத்தால் ஆச்சரியம் இரட்டிப்பாகிறது. காசிமேட்டில் ஏலத்துக்கு வருகிற சிங்கி இறால் க்ரேஃபிஷ் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. சிங்கிக்கு முள்மீசை உண்டு, கொடுக்கு கிடையாது. அதுவும் கடல்வாசி.

க்ரேஃபிஷுக்கும் இறாலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பிள்ளை வளர்ப்பில் இருக்கிறது. எண்ணூர் ஏன் எண்ணூராக இருக்கிறது என்பது அங்கேதான் விளங்கும். க்ரேஃபிஷ் தாய் முட்டைகளை வாலுக்கு அடியில் ஒட்டிவைத்துக்கொண்டே திரியும். பொரிந்து வரும் குஞ்சு தாயின் குட்டிப் பிரதியாகவே இருக்கும், சில காலம் தாயைப் பற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் கடல் தேவையில்லை. ஒரே ஏரியில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். வெள்ளை இறாலும் டைகர் இறாலும் அப்படியா? தாய் கடலில் லட்சக்கணக்கில் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளியே வருவதற்கு இறால் சாயலே இருக்காது. நாப்ளியஸ் என்ற பருவத்தில் ஆறு முறை, அடுத்த பருவத்தில் மூன்று முறை, மைசிஸ் பருவத்தில் மூன்று முறை என்று உருவம் மாறி மாறித்தான் இறால் குஞ்சாகும். சில வாரங்களே ஆன அந்தப் பொடிக்குஞ்சுகள் ஏற்றத் தண்ணீரோடு முகத்துவாரத்துக்குள் நுழைகின்றன! உப்பும் நன்னீரும் கலந்த கழியில் தின்று வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுகின்றன.

அப்படியென்றால் பாருங்கள், முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் இறாலுக்குத் தொட்டிலும் இல்லை, வீடும் இல்லை. கழியைத் தூர்த்தாலும் அப்படித்தான். எண்ணூரில் குறையும் இறால் எண்ணூரோடு நிற்காது, வெளியே கடலில் விசைப்படகு இழுக்கும் வலையிலும் குறையும். மீனவர் சங்கங்கள் கழிமுகத்துக்காக இத்தனை ஆண்டுகளாகப் போராடுவதன் உயிர்நாடி இதுதான்.

கொஞ்சம் இறாலின் உடம்புக்குள் எட்டிப் பார்க்கலாமா? இதயம் தலைப்பக்கத்து ஓட்டுக்குள் இருக்கிறது! அரைக்கும் பற்கள் வயிற்றுக்குள் இருக்கின்றன! இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் காற்றுப் பட்டால் நீலம் பூக்கிறது! ஓட்டுக்குள் முதலிலிருந்தே சிவப்பு நிறமி இருக்கிறது, ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து மறைத்துவைத்திருக்கிறது. சட்டியில் சூடு ஏறியதும் புரதம் பிடியை விட, சிவப்பு வெளியே வந்துவிடுகிறது. க்ரேஃபிஷ் ஓடு கழற்றுவதற்கு முன் வயிற்றில் இரண்டு சுண்ணாம்புக் கற்களைச் சேமித்துவைத்து, புது ஓட்டைக் கெட்டியாக்க அதையே கரைத்துக்கொள்கிறது. அந்தக் கற்களை ஐரோப்பிய வைத்தியர்கள் ஒரு காலத்தில் மருந்தாகவே விற்றார்கள்! 1959-இல் ஃபர்ஷ்பன், பாட்டர் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்கு ரசாயனத்தின் உதவியில்லாமல் மின்சாரமே நேராகப் பாயும் என்று காட்டியதும் க்ரேஃபிஷிடம்தான்.

நண்டை விட்டுவிட முடியுமா? எண்ணூர், பழவேற்காடு கழிகளில் சேற்றுக்குள் பொந்து தோண்டி வாழும் பெரிய கழி நண்டு இருக்கிறதே, அந்த இனங்களில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரில் ஒரு தமிழ்நாட்டு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது தெரியுமா? சில்லா டிராங்குபாரிக்கா! டிராங்குபார் என்றால் நம் தரங்கம்பாடி. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிஷியஸ் 1798-இல் வைத்த பெயர். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அதே ஆண்டு, அதே புத்தகத்தில்தான் டைகர் இறாலுக்கும் பெயர் வைத்தார். அது பூச்சிகளைப் பற்றிய புத்தகம்! சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடற்கரையில் அலவனை, அதாவது நண்டை, விரட்டி விளையாடுகிறார்கள். இன்று கழி நண்டை, நுனி வளைத்த இரும்புக் கம்பியைப் பொந்துக்குள் விட்டு இழுத்து எடுக்கிறார்கள். கொடுக்கு இரண்டையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஈரம் காயாமல் வைத்தால் தண்ணீர் இல்லாமலே நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்படியே விமானம் ஏறி வெளிநாட்டு ஓட்டல்களுக்குப் போய்விடும்! ஓடு மாற்றிய புதிதில் பிடித்த நண்டுக்கு மட்டும் விலை கிடைக்காது. உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், கால்வாய் சம்பந்தம். உங்கள் பேட்டை வழியே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் 1806-இல் பாசில் காக்ரேன் என்ற வியாபாரி எண்ணூர் வரை வெட்டியது. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் வெட்டிச் சேர்த்த பகுதியும் அதில் உண்டு. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் 1878-இல் வந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகில் ஏறி இந்தத் தண்ணீர் வழியேதான் மதராஸ் அடுப்புகளுக்கு வந்தது! ஆக, இங்கே கால்வாயில் விழுவது எண்ணூருக்குப் போய்ச் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதே, நினைவிருக்கிறதா? படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுப்பேறிப் போயின. கையால் துழாவிப் பிழைக்கிறவர்கள் தங்கள் உடம்பாலேயே அந்த எண்ணெயைச் சுமந்தார்கள். அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் வலைகூட இல்லையே.

இப்போது அங்கே புதுத் தொல்லை ஒன்று வந்திருக்கிறது. காக்கா ஆழி! மீனவர்கள் வைத்த பெயர் அது. தென்னமெரிக்கக் கடலோரத்து மட்டி இனம். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை ஆற்றடிச் சேற்றின் மேல் படுகை படுகையாக அப்பிக்கொண்டிருக்கிறது. சேறே தெரியாவிட்டால் இறால் எங்கே பதுங்கும், எங்கே மேயும்? துழாவுகிற விரலுக்குச் சேற்றுக்குப் பதில் கூரான ஓடுதான் தட்டுப்படுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது.

வேற்றூர் உயிர் ஒன்று புகுந்து ஏரியைக் கெடுப்பதை வடஅமெரிக்கக் காட்டுக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். ஒஹையோ ஆற்றுப் பக்கத்து ரஸ்டி க்ரேஃபிஷைத் தூண்டில்காரர்கள் இரைவாளியில் எடுத்துப்போய் மிச்சத்தை ஏரியில் கொட்ட, அது பல்கிப் பெருகி நீர்ச்செடிகளை வெட்டித் தள்ளிவிட்டது. அதையும் மிஞ்சிய ஒன்று இருக்கிறது. 1990-களில் ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடம் திடீரென்று தென்பட்ட பளிங்கு க்ரேஃபிஷ். அதில் ஆணே கிடையாது! அத்தனையும் பெண், துணையில்லாமலே முட்டையிடும், குஞ்சுகள் எல்லாம் தாயின் அச்சு நகல்! மடகாஸ்கரில் அது இன்று ஓடைகளிலும் நெல்வயல்களிலும் பரவிக்கிடக்கிறது. ஓர் ஊரையே நிறைப்பதற்கு அதில் ஒன்றே ஒன்று போதும்.

வண்ணமீன் கடைகளில் கொடுக்குள்ள வெளிநாட்டு க்ரேஃபிஷை நம் நாட்டிலும் விற்கிறார்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் அப்படி ஒன்று இருந்து, பிள்ளைகளுக்கு அலுத்துப்போனால், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று கால்வாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் சேர்த்துவிடுங்கள்.